மீட்டர் இல்லாமல் என்ன சிக்கனம்?

கோடை தொடங்கினால் போதும், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று செய்தி வந்துவிடும். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். மறுநாள் காலையில் அதே லாரிகள் வரிசையாக வந்து சம்ப்பை நிரப்பும். யார் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாதவரை இதெல்லாம் வெட்டிப்பேச்சு என்பது என் கருத்து.

கடும் வறட்சியால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரி 1 முதல் தலைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. குளிக்க, துவைக்க, சமைக்க, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்து. நம்ம பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய மூன்றரைக் குடம். நிலைமை இன்னும் மோசமானால் குழாயை அடைத்துவிட்டு, 200 இடங்களில் வரிசையில் நிற்கவைத்துத் தலைக்கு 25 லிட்டர் கொடுப்பது என்று திட்டமும் தயாராக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாளைக்கு 100 கோடி லிட்டருக்கு மேல் செலவழித்த நகரம், சுமார் 50 கோடிக்கு இறங்கியது.

பயம் ஒரு காரணம்தான். ஆனால் அங்கே பெரும்பாலான வீடுகளில் மீட்டர் இருந்தது, அளவு கூடக்கூடக் கட்டணம் எகிறியது. அளவுக்குள் இருக்கும் வீடுகளுக்கு இணைய வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்தார்கள். (இங்கே அப்படிச் செய்தால் முதல் நாளே யாராவது கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள்.)

அங்கேயும் எல்லாம் நியாயமாக நடந்துவிடவில்லை. வசதியுள்ளவர்கள் தோட்டத்தில் போர்வெல் போட்டுக்கொண்டார்கள். ஏழை வீடுகளில் நாளைக்கு 350 லிட்டரோடு நின்றுவிடும் கருவியைப் பொருத்தினார்கள். கொல்லைப்புறக் கொட்டகையில் குடியிருப்பவர்களையும் சேர்த்துப் பத்துப் பேர் என்றால், தலைக்கு 35 லிட்டர். இத்தனைக்கும் குடிசைப் பகுதிகள் பயன்படுத்தியது நகரத் தண்ணீரில் 5 சதவீதத்துக்கும் குறைவு! அளவை வீட்டுக்கு இவ்வளவு என்று வைக்கக் கூடாது, தலைக்கு இவ்வளவு என்றுதான் வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த வருடமே நம்ம முறை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோய், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கேப் டவுனின் பெரும்பகுதிக்கு அதில் பாதிகூடக் கிடையாது.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். அரசு வகுத்த அளவு பெருநகரத்துக்காரருக்கு நாளைக்கு 150 லிட்டர், கிராமத்தாருக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனால், குடங்கள் ஆடாமல் உட்காரச் சட்டம் அடித்த தள்ளுவண்டிகளை வீட்டு வாசல்களில் பார்க்கலாம். நாலைந்து குடம் பிடிக்க அந்த வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு போகும் பெண்ணுக்கு யாரும் அளவு வைக்கத் தேவையில்லை. அவர் கையே அளவு.

அளவு வைக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களுக்கு. எங்கள் குடியிருப்பில் லாரிச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிக்கிறோம். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர், சின்ன வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்தைவிட அதிகம் கட்டுகிறார். அப்புறம் யாருக்கு ஷவரை மூடத் தோன்றும்? ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் குடிநீர் கொடுப்பதற்குள் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அந்தக் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தாலே வீடு துடைக்க ஆகும், ஆனால் வைக்க ஆளில்லை.

மீட்டர் போடுவதும் சுலபமில்லை, சரி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் தனிக் குழாய் இறங்குகிறது. ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் வேண்டும். சங்கக் கூட்டத்தில் பேச்சு ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. இந்த முறை நான் கேட்கப்போவது இதுதான்: தலைக்கு 100 லிட்டர் வரை அடக்க விலை, அதற்கு மேல் இரட்டிப்பு. உங்கள் குடியிருப்பில் யாராவது மீட்டர் போட்டிருந்தால், குழாயை எப்படி மாற்றினீர்கள், வீட்டுக்கு எவ்வளவு ஆச்சு என்று எழுதுங்கள். கூட்டத்துக்குக் கணக்கோடு போக வேண்டும்.