குளச்சல் வெற்றித்தூணும் உதயகிரிக் கல்லறையும்

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் 1741-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றதன் நினைவாகக் குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், "ஐரோப்பிய வல்லரசொன்றை ஆசியர் முதன்முதலில் வென்ற போர்" என்ற வாசகத்தைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். குமரி மாவட்டத்தில் பிறந்த எனக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அது சரியன்று. இதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சீனத் தளபதி கோக்சிங்கா 1662-இலேயே தைவானிலிருந்து வெளியேற்றிவிட்டார். இல்லாத பெருமையைச் சூட்டப்போய், இருக்கிற பெருமையை நாம் மறைத்துவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

சண்டையின் வேர் மிளகு. மார்த்தாண்டவர்மர் அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டு வந்ததால், அவர்களோடு மிளகு ஒப்பந்தம் வைத்திருந்த கம்பெனி கலங்கியது. இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கிய அதன் படை, தலைநகரான பத்மநாபபுரத்தைக் குறிவைத்து, 1741 ஆகஸ்டில் தோற்றுச் சரணடைந்தது. அதோடு டச்சுக்காரர்கள் ஓடிவிட்டதாக நினைக்க வேண்டாம். மாவேலிக்கரை உடன்படிக்கைக்கு அவர்கள் வந்து சேர 1753 ஆயிற்று.

என்னை வியக்கவைப்பது அதற்குப் பின் நடந்ததுதான். பிடிபட்ட படைத்தலைவர் டி லனாயை மன்னர் கொல்லவுமில்லை, பணயமாக வைத்துப் பேரம் பேசவுமில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்க அமர்த்திக்கொண்டார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்து வலுப்படுத்திய டி லனாய், 'வலிய கப்பித்தான்' என்று பெயர்பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூருக்கே உழைத்து, 1777-இல் இறந்து அக்கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தூணில் இடம்பெறாதவர்களும் உண்டு. துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, பெரும்படை திரண்டிருப்பதுபோல் டச்சுக்காரர்களுக்குத் தோன்றச்செய்த முக்குவ மீனவர்களின் கதை கரையோர ஊர்களில் வாய்மொழியாக வழங்குகிறது. கதையென்றே வைத்துக்கொண்டாலும், கடலையும் கரையையும் அறிந்த மக்களின் துணையில்லாமல் இந்தக் கரையில் யார் போரிட்டிருக்க முடியும்?

எனவே தூணுக்குச் சுண்ணாம்படிப்பதோடு நின்றுவிடாமல், போரின் காரணத்தையும் கரையோர மக்களின் பங்கையும் எளிய தமிழில் சொல்லும் பலகையொன்றை அதனருகே வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைக் குளச்சலுக்கு அழைத்துவரும் ஆசிரியர்கள், அதே வண்டியில் உதயகிரிக் கோட்டை இருக்கும் புலியூர்க்குறிச்சிக்கும் கூட்டிச்சென்று, தோற்றவரின் கல்லறையிலுள்ள தமிழ் வரிகளை அவர்களையே வாசிக்கச் சொல்லலாம்.