வசன அட்டையில் இல்லாத எழுபது வருஷம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மணி பன்னிரண்டு அடித்ததும் எங்கள் கோயிலில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதிய அட்டைகளை, தட்டில் கவிழ்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். போன தடவை பக்கத்தில் நின்ற சித்தி ஒன்றை எடுத்தார், வாசித்தார், சத்தம் காட்டாமல் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29:11. முகமெல்லாம் சிரிப்பு. (குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பிளஸ் டூ எழுதிய வருஷம் நான் மூன்று தடவை மாற்றினேன்.)

‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ நம் வீடுகளில் இந்த வசனம் தொங்காத சுவர் கம்மி. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. எருசலேமிலிருந்து சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்டபோது நாற்பது வயதில் இருந்தவன் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான்: சொந்த ஊரை இனி பார்க்கப்போவதில்லை.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா என்கிற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்திலேயே, ஆசாரியர்கள் முன்னால், கர்த்தர் பேரைச் சொல்லிப் பேசுகிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். இன்றைக்கு என்றால் கைதட்டல் கூரையைப் பிய்த்திருக்கும். எரேமியா முதலில் சொன்னது என்ன தெரியுமா? ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.’ அவருக்கும் அதுதான் ஆசை. ஆசைப்பட்டதையெல்லாம் கர்த்தர் சொன்னதாக அறிவிக்க மட்டும் அவர் தயாராக இல்லை. அனனியா அந்த வருஷமே செத்துப்போனான். சில வருஷங்களில் எருசலேமும் ஆலயமும் எரிந்தன.

நம் மேடைகளில் இப்போது அனனியாக்களுக்குத்தான் மவுசு என்பது என் எண்ணம். ‘இந்த வருஷம் உன் வருஷம்’ என்று டிசம்பரில் சொன்னவரிடம் அடுத்த டிசம்பரில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் வேண்டாமா என்பார்கள். வேண்டும். பாபிலோனில் இருந்தவர்களைவிடவா நமக்குக் கஷ்டம்? அவர்களுக்குக் கர்த்தர் உண்மையான கணக்கைத்தானே சொன்னார்? காயத்தை ‘மேற்பூச்சாய்’ குணமாக்குகிறவர்கள் என்று எரேமியா 6:14 சொல்வது, உள்ளே சீழ் இருக்க மேலே மருந்து தடவுகிறவர்களைத்தான்.

ஆறுதல் மட்டும் போதாது, வரப்போகிறதற்கு ஆயத்தமாகவும் இருக்க வேண்டும் என்றதும் உடனே உலகத்தின் முடிவுகாலம், முத்திரை, அந்திக்கிறிஸ்து என்று சார்ட் மாட்டிப் பயமுறுத்துகிற கூட்டம் வேறு. எனக்கு அதுவும் ஒப்பவில்லை. இயேசு சொன்ன உவமையில், விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கத்தான் செய்தார்கள். எண்ணெய் இருந்ததால் தூக்கம் அவர்களுக்குக் கேடாகவில்லை. எரேமியாவின் கடிதமும் விழுந்தடித்து ஓடச் சொல்லவில்லை. வீட்டைக் கட்டு, தோட்டத்தை நாட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு என்கிறது. திரும்பிப் போகமாட்டோம் என்று தெரிந்தும் ஒருவன் மரம் நடுவது எவ்வளவு பெரிய விசுவாசம்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சித்தியை உட்காரவைத்து 28, 29 இரண்டு அதிகாரத்தையும் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அட்டையை ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டே கேட்டார்:

“ஏல, எழுபது வருசம்னு அட்டையில போட்டா எவன் எடுப்பான்?”