'என் விவோ' தவறான ஸ்பானிஷ் இல்லை

மேலே ஒரு சகோதரர், மேட்ச் ஸ்ட்ரீமில் வரும் 'என் விவோ' ஆங்கில 'லைவ்'வைப் பார்த்துப் போட்ட தவறான ஸ்பானிஷ், 'என் திரெக்தோ' மட்டுமே சரி என்று எழுதியிருக்கிறார். கீழக்கரை பசங்க குழுவிலும் இதே வரி வந்தது.

'என் திரெக்தோ' சரியான சொல்தான், ஸ்பெயினில் அதிகம் கேட்பது அதுதான். ஆனால் அர்ஜென்டினா, மெக்சிகோ பக்கம் நேரடி ஒளிபரப்புக்கு இயல்பான சொல் 'என் விவோ'. நாடு மாறுகிறது, அவ்வளவுதான். நம்மிடம் வானொலியில் 'நேரடி அஞ்சல்', டிவியில் 'நேரலை' என்கிறோமே, அதில் எது தவறு? (இந்த 'என்' நம்ம 'என்' இல்லை, ஸ்பானிஷில் 'இல்' என்ற பொருள்.)

நீங்களே பார்க்கலாம். 1713-இல் தொடங்கிய ஸ்பெயினின் ராயல் அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம். 'விவோ' என்று தேடுங்கள், விவோ போனின் பின்பக்கம் இருக்கும் அதே நாலு எழுத்து. 'என் விவோ' என்ற தொடர் அந்தச் சொல்லுக்குக் கீழேயே இருக்கும். அப்புறம் 'டைரக்ட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு கடைசியில் ஓ சேர்த்துத் தேடினால் மற்றது.

அகராதி அலுப்பாக இருந்தால், ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியின் தளத்தையும் அர்ஜென்டினா அரசுத் தொலைக்காட்சியின் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நேரலைப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாம்பன் சிக்னலிலேயே திறக்கும்.

ஸ்பெயினுக்காக எழுதினால் 'என் திரெக்தோ' போடுங்கள், அது நல்ல யோசனைதான். மற்றதைத் தவறு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.