மதினி, யாருகிட்டயும் சொல்லிராதீங்க

போன மாதம் சித்தி மகனின் மனைவிக்கு வளைகாப்பு. எல்லோருக்கும் வளையல் போட்டு முடித்து, அடுப்படியில் நான் புளியோதரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை வளையலோடு அந்தப் பெண் மெதுவாக உள்ளே வந்து நின்றாள்.

"மதினி, நீங்க தைராய்டு மாத்திரை போடுறீங்கல்ல?"

ஆமாம் என்றேன். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நானும்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே. அத்தைக்குத் தெரியாது. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

(அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சித்திக்கும் இப்போது தெரியும்.)

பெண் பார்க்கும்போதே அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார், வாயைத் திறக்காதே என்று. மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறாள். காலையில் குளியலறைக்குள் போய்க் குழாய்த் தண்ணீரில் விழுங்குவாளாம். சித்தி சீக்கிரம் எழுந்து காபி போட்டுக் கூப்பிட்டுவிட்டால், வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை அன்றைக்குக் காபிக்கு அப்புறம்தான். சில நாள் அதுவும் இல்லை. இதுவரை கூடப் பரவாயில்லை. வீட்டில் டெஸ்ட் செய்து இரண்டு கோடு வந்த அன்றைக்கு அவள் அம்மா போனில், "மாசமா இருக்கும்போது கண்ட மாத்திரையும் போடாத" என்றிருக்கிறார். அன்றோடு நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாம் வாரம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) 14. டாக்டர் திட்டிவிட்டு டோஸைக் கூட்டி மறுபடி ஆரம்பித்தார். இப்போது அளவு சரியாக இருக்கிறது.

அந்த "கண்ட மாத்திரை" என்ற வார்த்தையில்தான் எனக்கு ஆற்றாமை. அது கண்ட மாத்திரை இல்லை. கழுத்தில் இருக்கும் சுரப்பி சுரக்க வேண்டியதைச் சுரக்கவில்லை, அதே ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு வேலையைத் தொடங்கவே பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். ஓரளவு சுயமாகச் சுரக்க ஐந்தாம் மாதம் நெருங்கிவிடும். அதுவரை மூளை வளர்வதற்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். இவள் மாத்திரையை நிறுத்தியது சரியாக அந்த வாரங்களில்தான்.

இன்னொன்றும் உண்டு. மாசமானதும் தேவை கூடும். என் இரண்டாவது பிரசவத்தின்போது என் டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: நாள் தள்ளி டெஸ்டில் உறுதியானால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை காத்திருக்காதே, வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது போடு, உடனே ரத்தம் கொடு, கர்ப்ப காலம் பாதி தாண்டும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியைக் கல்யாணமான கையோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பீதி அடையவும் வேண்டாம். 1999இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைபாடு இருந்தும் சிகிச்சை எடுக்காத அம்மாக்களின் பிள்ளைகளை ஏழு முதல் ஒன்பது வயதில் சோதித்தபோது, ஐக்யூ சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது. உலகமே பதறியது. பிறகு 2012இல் இன்னோர் ஆய்வு வெளிவந்தது. பிரிட்டனிலும் இத்தாலியிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, பெரும்பாலும் லேசான குறைபாடு இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வயதில் பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரை தொடங்கியதே மூன்று மாதம் ஆன பிறகுதான், அதனால் தாமதமாகிவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை, டிஎஸ்ஹெச் கொஞ்சம் கூடியிருந்தால் உலகம் இடிந்துவிடாது. தைராய்டு நன்றாகக் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த பிள்ளை எல்லாம் வர வாய்ப்பு கூடும். 3.2 என்று ரிப்போர்ட் வந்ததற்கு ராத்திரி முழுக்க அழுத தோழியும் எனக்கு இருக்கிறாள், 14ஐ வைத்துக்கொண்டு ரகசியம் காக்கிற பெண்ணும் இருக்கிறாள். தூக்கம் போக வேண்டியது யாருக்கு?

கொத்தமல்லித் தண்ணீர், முட்டைக்கோஸ் விரதம் பற்றிக் கமென்டில் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். இந்துப்புக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் தூத்துக்குடிக்காரி. உப்பளத்திலிருந்து கல்லுப்பு நேராகச் சமையலறைக்கு வந்த வீட்டில் வளர்ந்தவள். அதன் ருசி தெரியும். ஆனால் அதிலும் சரி, நீங்கள் விலை கொடுத்து வாங்கும் ரோஸ் நிற உப்பிலும் சரி, தனியாகச் சேர்த்தாலொழிய, தைராய்டு ஹார்மோன் சுரக்க வேண்டிய அயோடின் போதுமான அளவு கிடையாது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கி மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, கழுத்துக் கழலை குறைந்ததைக் காட்டினார்கள். 1962இல் நாடு தழுவிய திட்டம் வந்ததற்கு அடிப்படை அதுதான். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், மற்றப் பெரியவர்களுக்கு 150. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

சரி, பிள்ளை பிறந்த பிறகு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தாள். பிறந்தபோது அவள் அழவே மாட்டாளாம். "சமத்துப் பிள்ளை, தொட்டில்ல போட்டா போட்டபடி கிடக்கும்" என்று தெருவே மெச்சியதாக ஆச்சி சொல்வாள். பால் குடிக்கையிலேயே தூங்கிப் போகும், மஞ்சள் வெகுநாள் தெளியவில்லை, மலச்சிக்கல், நாக்கு லேசாக வெளியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவைத்தியம் நடந்தது. தைராய்டு என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்தபோது வயது மூன்று. எனக்கு நினைவு தெரிந்தபோது அவள் எங்கள் உயரம்தான் இருப்பாள். பல்லாங்குழி ஆட வருவாள், சோழியை எண்ண மாட்டாள், கைநிறைய அள்ளி ஒரே குழியில் போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

பிறவியிலேயே வரும் இந்தத் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வருவதில்லை. பிள்ளைக்குச் சுரப்பியே உருவாகாமலோ இடம் மாறியோ இருக்கும். அம்மா கொடுத்தனுப்பிய ஹார்மோன் கொஞ்ச நாள் தாங்குவதால் பிறந்தவுடன் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி, காகிதத்தில் நாலு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் போதும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகள் போலவே வளரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ ஆயிரத்து நூறு பேருக்கு ஒருவருக்கு இது இருந்தது. ஐந்தில் அதிகம் சென்னையில்.

என் மகன் பிறந்த ஆஸ்பத்திரியில் நானாகக் கேட்டேன். "தைராய்டு உங்களுக்குத்தானேம்மா, குழந்தைக்கு எதுக்கு?" என்றார்கள். நின்று வாதாடி, தனியாகப் பணம் கட்டித்தான் எடுக்க வைத்தேன். கேட்கத் தெரியாதவள் என்ன செய்வாள்? கேரளத்தில் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பிறந்த குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். தடுப்பூசி போல, யாரும் கேட்காமலே, இங்கேயும் ஒவ்வொரு குழந்தைக்கும் எடுக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பேர் வாங்கிய மாநிலம் நாம், இது நம்மால் முடியாத காரியமா?

சித்தியிடம் நான்தான் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "இதுக்கா ஒளிச்சா? நான் என்ன பேயா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் முன்னாலேயே சுகர் மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி விழுங்குகிறவள் அவள். பிரஷர் மாத்திரையை யாராவது ஒளிக்கிறோமா? பிள்ளை பெறுகிற விஷயத்தோடு ஒட்டியிருப்பதால்தானே தைராய்டுக்கு மட்டும் இந்தப் பூட்டு.

இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே அந்தப் பெண் போட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது, "ஒரே தண்ணில ரெண்டும் முடிஞ்சிரும்ல" என்று. இரும்பும் கால்சியமும் இந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது, நாலு மணி நேரமாவது தள்ள வேண்டும். இப்போது சிவப்பு மாத்திரை ராத்திரிக்குப் போய்விட்டது. காலை ஐந்தரைக்குச் சித்தியே ஒரு டம்ளர் தண்ணீரோடு போய் எழுப்புகிறாள். காபி ஆறரைக்குத்தான். தம்பி நேற்று அனுப்பிய போட்டோவில், செக்கப் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: "பிள்ளைக்குக் குதிகால் ரத்தம் எடுக்கணும்."