கர்ப்பப்பையை எடுத்தால் இடுப்புக்குள் காலிக் குழியா?

“கர்ப்பப்பையை எடுத்தால் அந்த இடம் காலியாகிவிடும், குடல் சரிந்து கீழே வந்துவிடும், ஆயுளுக்கும் அடிவயிற்றைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.” முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு இது. சொல்வது தவறு.

மடியில் பீடித் தட்டோடு இதைக் கேட்ட என் சித்தி, மருத்துவர் சொன்ன அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டார். எனக்கு மனம் பதறியது.

பிள்ளை பெறாத கர்ப்பப்பையின் நீளமே சுமார் 7.5 செ.மீ.தான். முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல். சிறுகுடலின் சுருள்கள் எப்போதுமே இவற்றின் மேல் படிந்து இடுப்புக் குழிக்குள் கிடப்பவை. புதிதாக விழ வேண்டியதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்தால் அவை மேலே நகரும், வடிந்தால் இறங்கும். அன்றாடம் இப்படி இடம் மாறுகிறவைதான் கர்ப்பப்பை இருந்த இடத்தையும் நிரப்பிக்கொள்கின்றன. அடியில் தொட்டில் துணிபோல் விரிந்த தசைத் தளம் அப்படியே இருக்கிறது. யோனியின் மேல்முனையும் தைத்து மூடப்படுகிறது.

சிலருக்குப் பின்னாளில் அந்த மேல்முனை இறங்குவதுண்டு, அதை மறைக்கக்கூடாது. காரணம் தாங்கும் தசையும் நாரும் தளர்வது. பல பிரசவங்கள், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவை அதைக் கூட்டும். துணிக்கட்டு அந்தத் தளர்ச்சியைத் தடுக்காது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி வலுவூட்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் சுமார் 6 வாரம் கனமான குடம் தூக்கக்கூடாது.

“பிறகு பீடி சுற்றலாமா?” என்று சித்தி கேட்டார். புண் ஆறியபின் தாராளமாகச் சுற்றலாம்.