தெர்சிடீஸ் என்பது வசவா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். வரவு செலவுக் கணக்குக் கேட்டவரைப் பார்த்து மேடையில் இருந்தவர் "உட்காருங்க தெர்சிடீஸ்" என்றார். அரங்கமே சிரித்தது. அர்த்தம் தெரிந்து சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஐயா, கிரேக்கக் கவி ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் இரண்டாம் காண்டத்தை இன்னொரு தடவை படியுங்கள். டிராய் நகரைப் பிடிக்கப் போன கிரேக்கப் படைக்கு அங்கேயே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. கப்பல் பலகை இற்றுப்போச்சு, கயிறு நைந்துபோச்சு என்று படைத்தலைவன் அகமெம்னானே சொல்கிறான். அப்போதுதான் அந்தப் படையில் ஒருவனான தெர்சிடீஸ் அவனைக் கேட்கிறான்: உன் கூடாரம் நிறைய வெண்கலம், பெண்கள், எல்லாம் நாங்கள் ஊர்களைப் பிடித்துக் கொடுத்தது, இன்னும் என்னதான் குறை உனக்கு? இதில் எது பொய்? முதல் காண்டத்தில் அதே படையின் மாவீரன் அகிலீஸ் கேட்டதும் ஏறக்குறைய இதேதான். அவன் கேட்டால் வீரனின் கோபம், இவன் கேட்டால் வாய்க்கொழுப்பு.

கேள்விக்குப் பதில் கிடையாது. அகமெம்னானின் செங்கோலாலேயே இன்னொரு தலைவனான ஒடிசியஸ் தெர்சிடீஸின் முதுகில் போட்டான். ரத்தம் கட்டி வீங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஹோமரே அவனை மட்டமாகத்தானே காட்டுகிறார்" என்று வருவீர்கள். ஆமாம், காட்டுகிறார். வளைந்த கால், அதிலும் நொண்டி, கூனிய தோள், கூம்பு மண்டை, அதில் நாலு முடி. சிரிக்க வைக்க எதையும் பேசுவான் என்றும் சொல்கிறார். சரி, இருக்கட்டும், கால் வளைந்திருந்தால் கேள்வியும் வளைந்துவிடுமா? மற்றவர்களுக்கெல்லாம் அப்பன் பெயரும் ஊரும் சொல்கிறவர் இவனுக்கு இரண்டுமே சொல்லவில்லை. "படை என்றால் ஒழுங்கு வேண்டாமா" என்பவர்கள் வேறு பதிவுக்குப் போகலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது? எனக்குத் திக்குவாய். பழைய வேலையில் மூன்று மாத ஓவர்டைம் பணம் வரவில்லை. நீ கேளு, நீதான் தைரியமானவன் என்று ஏற்றிவிட்டார்கள், கேட்டேன். "மொ... மொதல்ல சொல்லி முடிப்பா" என்றார் மேலாளர். முதலில் சிரித்தது என்னைக் கேட்கச் சொன்னவர்கள்தான். அவர்களுக்கும் அந்தப் பணம் வரவில்லை!

ஹோமர் இதையும் விடவில்லை, தெர்சிடீஸ் அடிபட்டதைப் பார்த்துப் படையினர் வருத்தத்தில் இருந்தபோதும் சிரித்தார்கள் என்று எழுதுகிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று கப்பலைப் பார்த்து விழுந்தடித்து ஓடியது அதே ஆட்கள்தான். பிற்காலக் கதையில் தன்னைக் கிண்டல் செய்தான் என்று அகிலீஸ் தெர்சிடீஸைக் கொன்றே போடுகிறான், அதற்கும் யாராவது கைதட்டியிருப்பார்கள்.

அது போகட்டும், ஞாயிற்றுக்கிழமை கேட்ட அந்தக் கணக்கு எங்கே?