கோழிக்கூண்டு டென்னிஸ்

நியூஜெர்சிக்குக் குடிவந்த முதல் ஜனவரி. ராத்திரி எட்டு மணி, வெளியே மைனஸில் குளிர். ஒரு டென்னிஸ் கிளப்பைக் கடக்கும்போது டொக் டொக் என்று சத்தம். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மேடை, சுற்றிலும் கோழிக்கூண்டுக்குப் போடுகிற மாதிரி கம்பி வலை, உள்ளே கம்பளித் தொப்பியோடு நாலு பேர் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் கிறுக்கர்களுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர் என்னையும் இழுத்துப்போய் உள்ளே நிறுத்தினார். இப்போது நானும் அந்தக் கிறுக்கர்களில் ஒருவன்.

இதன் பெயர் பிளாட்ஃபார்ம் டென்னிஸ். ஆடுகிறவர்கள் வெறுமனே 'பேடில்' என்பார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. நான் பேடில் என்றதும் நண்பர்கள் கண்ணாடிச் சுவருக்குள் ஆடுகிற 'பாடெல்' வீடியோக்களை அனுப்புகிறார்கள். ஐயா, அது 1969-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக்கே கொர்குவேரா தன் வீட்டில் ஆரம்பித்தது. எங்களுடையது அதற்கு 41 வருடம் மூத்தது.

1928-இல் நியூயார்க்கை அடுத்த ஸ்கார்ஸ்டேலில் ஜேம்ஸ் காக்ஸ்வெல், ஃபெஸண்டன் பிளான்சர்ட் என்று இரண்டு நண்பர்கள். குளிர்காலத்தில் வெளியே ஆட ஏதாவது வேண்டும் என்று காக்ஸ்வெல் வீட்டு மேட்டு நிலத்தில் மரப்பலகையால் ஒரு மேடை போட்டார்கள். முதலில் ஆட நினைத்தது பேட்மிண்டன், காற்று விடவில்லை. அப்புறம்தான் தெருப்பிள்ளைகள் ஆடிய பேடில் டென்னிஸ் என்ற வேறொரு ஆட்டத்தின் கட்டை மட்டையும் ரப்பர் பந்தும் வந்தன. இன்றைக்கும் கோர்ட் 44க்கு 20 அடிதான், அச்சு அசல் பேட்மிண்டன் அளவு.

பந்து பனியில் போய்த் தொலையாமலிருக்கக் கம்பி வலை கட்டினார்கள். அதிலிருந்துதான் இந்த ஆட்டத்தின் உயிரான விதி பிறந்தது: பந்து கோர்ட்டுக்குள் ஒரு தடவை குத்தி, பிறகு கம்பியில் பட்டு வந்தாலும் எடுத்து அடிக்கலாம். டென்னிஸில் எட்டவே முடியாத பந்து இங்கே திரும்பி நம் கைக்கே வருகிறது. ஓங்கி அடித்தால் பாயிண்ட் முடிந்தது என்பது இங்கே செல்லாது. பந்தை உயரத் தூக்கிப் போட்டுவிட்டு, எதிராளியின் பொறுமை தீரும்வரை காத்திருக்க வேண்டும். சர்வும் ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. டென்னிஸ் நன்றாக ஆடுகிறவர்கள் முதல் மாதம் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும்! (எனக்கு டென்னிஸ் தெரியாது என்பதால் நான் தப்பித்தேன்.)

1931-இல் அதே ஊரின் ஃபாக்ஸ் மெடோ டென்னிஸ் கிளப் இதை எடுத்துக்கொண்டது. 1934-இல் சங்கம், 1935-இல் முதல் தேசியப் போட்டி. எழுபதுகளில் மரப்பலகை போய் அலுமினியத் தளம் பரவியது, பரிசுப் பணம் வைத்த போட்டிகள்கூட நடந்தன. பிறகு அந்த வேகம் தணிந்துவிட்டது. இப்போது மேடைக்கு அடியிலேயே ஹீட்டர் ஓடி பனியை உருக்கிவிடுகிறது.

இவ்வளவு நல்ல ஆட்டம் ஏன் பெரிதாகப் பரவவில்லை? குளிர் தேசத்து ஆட்டம், அதனால்தான் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். வளர்த்த கிளப்புகளே வேலியாகவும் நின்றன. உறுப்பினர் கட்டணம் கட்டுகிறவன்தானே உள்ளே போக முடியும்? சிகாகோ புறநகர்களைப் பாருங்கள். வின்னெட்காவில் பூங்கா நிர்வாகமே கோர்ட் வைத்திருக்கிறது. இன்று இந்த ஆட்டம் மிகச் செழிப்பாக இருப்பது அந்தப் பக்கத்தில்தான் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1965-இல் பிறந்த பிக்கிள்பால், அதுவும் மட்டையால் பந்தடிக்கிற ஆட்டம்தான், எப்படிப் பரவியது? இருக்கிற டென்னிஸ் கோர்ட்டில் கோடு கிழித்தால் போதும். எங்களுக்கோ மேடை, 12 அடி வேலி, ஹீட்டர் என்று எல்லாம் வேண்டும். அந்தச் செலவைப் பொதுப் பணத்தில் செய்ய ஒருவர் முன்வர வேண்டும்.

போன வருடம் எங்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, பூங்காவில் ஒரே ஒரு மேடை போடுங்கள் என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். வசந்தத்தில் போய்ப் பார்த்தால் பழைய டென்னிஸ் கோர்ட்டில் புதிதாகப் பிக்கிள்பால் கோடு போட்டிருந்தது. டிசம்பரிலிருந்து அதன்மேல் பனி மூடிக் கிடக்கிறது.